பிளாஸ்டிக் சாலை போட்ட ஊரில் சாக்கடைத் தொட்டிக்குள் மூவர்

(மதுரையில் கல்லூரி மாணவர்களும் இளம் தொழிலாளர்களும் கூடிய வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



'பசுமையான, ஆரோக்கியமான, ஸ்மார்ட்டான நகரம்: நம் ஊர்ப் புதுமைகள்' என்று தலைப்புக் கொடுத்து என்னைப் பேச அழைத்திருக்கிறீர்கள். நான் பொறியாளரும் இல்லை, நகரத் திட்டமிடல் படித்தவனும் இல்லை. மதுரையில் தெருக்கூட்டிய ஒரு தாயின் மகன். கிருதுமால் ஓரத்தில் வளர்ந்தவன். பள்ளியில் அதை நதி என்று படித்தோம். வீட்டில் வாய்க்கால் என்றார்கள். எங்கள் மூக்குக்கு அது எப்போதும் சாக்கடைதான். அந்த இடத்தில் நின்றுகொண்டுதான் இந்தத் தலைப்பைப் பார்க்கிறேன்.

முதலில் பெருமைப்பட வேண்டிய ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உள்ளூர்ப் புதுமை என்றால் உலகத்துக்கே காட்ட மதுரையிடம் ஒன்று இருக்கிறது. திருப்பரங்குன்றத்தில் உள்ள தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் இரா. வாசுதேவன், கழிவு பிளாஸ்டிக்கைச் சாலை போடப் பயன்படுத்தும் முறையைக் கண்டறிந்தார். 2002-இல் அந்தக் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே ஒரு சாலை போட்டுப் பார்த்தார்கள். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

அந்த முறை எளிமையானது. சாலைக்குப் போடும் சல்லியைச் சுமார் 160, 170 பாகை வரை சூடேற்றுகிறார்கள். அதன் மேல் துருவிய பிளாஸ்டிக்கைத் தூவினால், அது உருகி ஒவ்வொரு கல்லின் மேலும் ஒரு மெல்லிய தோல்போலப் படிந்துவிடும். பிறகு தார் கலக்க வேண்டும். கல்லும் தாரும் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் எளிதில் உள்ளே இறங்காது. ஒருவழிச் சாலை ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டன் பிளாஸ்டிக் போகும், ஒரு டன் தார் மிச்சமாகும். பி.வி.சி. மட்டும் ஆகாது, சூட்டில் நச்சு வாயு விடும். கேரி பேக், பிஸ்கட் உறை, தெர்மாகோல் கப் என்று பழைய இரும்புக் கடைக்காரர்கூட வாங்காத சரக்கெல்லாம் இதில் போகும். 2015-இல் ஒன்றிய அரசு பெரிய நகரங்களை ஒட்டிய சாலைகளில் பிளாஸ்டிக் கலப்பதைக் கட்டாயமாக்கியது.

கல்லூரியில் படித்தபோது ஒரு கண்காட்சியில் இதைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவிடம் மூச்சுவிடாமல் விளக்கினேன். "பிளாஸ்டிக்கு ரோடாகிருதும்மா, நம்ம மதுரைக்காரர் கண்டுபிடிச்சது" என்றேன். அம்மா காலை நாலரைக்கு எழுந்துபோய் வந்த களைப்பில், சுவரில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்: "அதெல்லாம் சரிய்யா, அந்தக் கவரையெல்லாம் கழுவுனது யாரு?"

தோழர்களே, இன்று நான் பேசப்போவது முழுக்க அந்த ஒரு கேள்வியைத்தான்.

மண்ணும் எச்சில் சோறும் ஒட்டிய பிளாஸ்டிக் அந்தச் சாலைக்கு உதவாது. அது சுத்தமாக, காய்ந்ததாக, வகை பிரித்ததாக இருக்க வேண்டும். அப்படிக் கொடுப்பது யார்? தமிழ்நாட்டில் இந்தச் சாலைகளுக்கான துருவலை ஊரகப் பகுதிகளில் சுய உதவிக் குழுப் பெண்கள் தயாரித்தார்கள். நகரத்தில் அதற்கு முந்தைய படி தூய்மைப் பணியாளரின் கையில் நடக்கிறது. ஒரே பையில் மீன் முள், குழந்தையின் டயாப்பர், உடைந்த பல்பு, சாம்பார் ஊற்றிய கவர், சானிட்டரி நாப்கின் எல்லாம் கிடக்கும். அதைப் பிரிக்க எந்தச் செயலியும் வரவில்லை. கை வருகிறது. என் அம்மாவின் வலது கை ஆள்காட்டி விரலில் ஒரு ஊசி ஏறி, ஆறு மாதம் பயத்தோடு இருந்தோம். அன்றைய ஒப்பந்தக்காரர் தந்த கையுறை, மாதம் ஒரு ஜோடி. பத்து நாளில் கிழிந்துவிடும். அவர் பெயர் வேண்டாம். ஒப்பந்தக்காரர் பெயர் மாறும், வழக்கம் மாறாது.

பிளாஸ்டிக் சாலை கண்ட கல்லூரியிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் பழங்காநத்தம். அங்கே நேரு நகரில் மாநகராட்சியின் கழிவுநீர் உந்து நிலையம் இருக்கிறது. 2022 ஏப்ரல் 21 அன்று இரவு அங்கே மோட்டார் பழுதுபார்க்கப் போன ஒப்பந்தத் தொழிலாளர்கள் மூன்று பேர் செத்துப்போனார்கள். ஒருவரைக் காப்பாற்றப் போய் மற்றவர்களும் போனார்கள். சாக்கடைச் சாவுகளில் திரும்பத் திரும்ப நடப்பது இதுதான். முதலில் ஒருவர், பிறகு அவரைத் தூக்கப் போன கூட்டாளிகள்.

ஏன் இப்படி? மூடிய தொட்டிக்குள் மலம் அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகிறது. குறைந்த அளவில் அது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் நம் மோப்பமே மரத்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது, இனி இறங்கலாம் என்று நினைக்கிற நேரத்தில்தான் காற்று கொல்கிற அளவுக்கு வந்திருக்கும். சில மூச்சில் மயக்கம். மேலே நிற்பவருக்கு, கூட்டாளி வழுக்கி விழுந்ததுபோல் தெரியும். அவரும் இறங்குவார். இதைத் தெரிந்துகொள்ளப் பெரிய அறிவியல் வேண்டாம். வாயு அளக்கும் சிறு கருவி போதும். ஒரு நகரம் தன் பேருந்து நிலையத்துக்குக் கண்ணாடி பதிக்கும் செலவில் அப்படி எத்தனை கருவி வாங்கலாம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 1993-இல் ஒன்று, 2013-இல் இன்னொன்று. 2013 சட்டப்படி, பாதுகாப்பின்றி ஒருவரைச் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ இறக்கினால் முதல் குற்றத்துக்கே இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உச்ச நீதிமன்றம் 2014-இல் சாக்கடைச் சாவுக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்றது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. ஆனால் அந்தச் சட்டத்திலேயே ஒரு ஓட்டை உண்டு. பாதுகாப்புக் கருவி தந்துவிட்டால் அது 'அபாயகரமான' வேலை என்ற கணக்கில் வராது. ஆக, மனிதரை இறக்குவதற்குத் தடை போட்டதாகச் சொல்லும் சட்டம், ஒரு முகமூடியைக் கொடுத்து இறக்குவதற்கு வழியும் விட்டிருக்கிறது.

2019 முதல் 2023 வரை ஐந்து ஆண்டுகளில் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் 377 பேர் இறந்ததாக ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. 1993 முதலான கணக்கை எடுத்தால் சாவு எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலிடம். பெரியார் மண் என்று மார்தட்டும் நாம் இந்தக் கணக்கையும் கூடவே சொல்லப் பழக வேண்டும். 2024-இல் ஒன்றிய அரசின் 'நமஸ்தே' திட்டத்தின் கீழ், சாக்கடை, செப்டிக் டேங்க் தொழிலாளர்கள் சுமார் 38,000 பேரின் விவரம் வெளிவந்தது. அவர்களில் ஏறத்தாழ 92 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர். பட்டியல் சாதியினர் மட்டும் ஏறத்தாழ 69 விழுக்காடு. தமிழ்நாட்டில் இந்த வேலைக்குள் தள்ளப்பட்டவர்களில் பெரும்பாலோர் அருந்ததியர் என்பது இங்கே உட்கார்ந்திருக்கிற யாருக்கும் புதிய செய்தி இல்லை.

சாதி, வேலையைப் பங்குபோட்டதோடு நிற்கவில்லை. வேலை செய்யும் மனிதர்களையே மேல்கீழாக அடுக்கிவிட்டது என்று அம்பேத்கர் 1936-லேயே எழுதினார். அந்த அடுக்கை நகரத்தில் பார்க்க வேண்டுமானால் ஒரு தெருவின் குறுக்குவெட்டைப் பாருங்கள். மேலே எல்.இ.டி. விளக்கு, அதற்குக் கீழே பிளாஸ்டிக் கலந்த தார்ச்சாலை, அதற்கும் கீழே குழாய். குழாய்க்குள் யார் என்று மட்டும் கேட்கக்கூடாது.

மதுரையில் 1939 ஜூலை 8 அன்று நடந்த ஆலய நுழைவைப் பெருமையாகப் பேசுகிறோம். கோயிலுக்குள் நுழைய அத்தனை காலம் போராட வேண்டியிருந்தது. ஆனால் சாக்கடைக்குள் நுழைவதற்கு எந்தக் காலத்திலும் யாரும் நம்மைத் தடுத்ததில்லை. அங்கிருந்து வெளியே வருவதற்கான போராட்டம்தான் இன்னும் முடியவில்லை.

இப்போது ஸ்மார்ட் சிட்டிக்கு வருவோம். 2015-இல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் 2016 செப்டம்பரில் மதுரை சேர்க்கப்பட்டது. ஒரு நகரத்துக்கு ஒன்றிய அரசு 500 கோடி ரூபாய், அதற்கு ஈடாக மாநிலத்தின் பங்கு என்பது கணக்கு. பெரியார் பேருந்து நிலையம் இடித்துக் கட்டப்பட்டது. மாசி வீதிகளிலும் வேலை நடந்தது. வைகைக் கரையில் சாலையும் சுவரும் வந்தன. இவையெல்லாம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். பேருந்துக்கு நிற்பது நம் மக்களும்தான். ஆனால் 2025 ஜூலையில் தூய்மை நகரங்களின் தரவரிசை வந்தது. 10 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள 40 நகரங்களில் மதுரைக்கு 40-ஆவது இடம்.

அன்று ஊரே கொதித்தது. டீக்கடையிலும் வாட்ஸ்அப்பிலும் திட்டு வாங்கியவர்கள் யார் தெரியுமா? "கூட்டுறவுங்க ஒழுங்காக் கூட்டுறதில்ல." ஒரே பையில் எல்லாவற்றையும் கட்டி, மாடியிலிருந்து வண்டியை நோக்கி வீசுகிற வீடு திட்டு வாங்கவில்லை. பாதி ஆளை வைத்து முழு வேலை வாங்கும் ஒப்பந்த முறை திட்டு வாங்கவில்லை. அடுத்த மாதமே சென்னையில் ரிப்பன் மாளிகை முன்னால், தனியார்மயம் வேண்டாம் என்று தூய்மைப் பணியாளர்கள் இரவும் பகலும் உட்கார்ந்தார்கள். ஆகஸ்ட் 13 நள்ளிரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. மறுநாள் அரசு காலை உணவு உட்படச் சில நலத்திட்டங்களை அறிவித்தது. சோறு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் கேட்டது வேலைக்கு நிரந்தரம். ஒருவர் உரிமை கேட்கும்போது இலை போடுவது நம் ஊர்ப் பண்ணையார்கள் காலத்து வழக்கம்.

சரி, குறை சொல்லிக்கொண்டே இருந்தால் எப்படி, மாற்று என்ன என்று கேட்பீர்கள். மாற்று இருக்கிறது. நான் அறிந்த மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது, குப்பை எங்கே போகிறது என்ற கேள்வி. மதுரையின் குப்பை அவனியாபுரம் வெள்ளக்கல்லுக்குப் போகிறது. அந்தப் பக்கத்து மக்கள் புகையையும் ஈயையும் நாற்றத்தையும் சுமக்கிறார்கள். கேரளத்தின் ஆலப்புழைக்கும் இப்படி ஒரு வெள்ளக்கல் இருந்தது. அதன் பெயர் சர்வோதயபுரம். அந்த ஊர் மக்கள் ஒருநாள் குப்பை லாரிகளை மறித்துவிட்டார்கள். நகரத்துக்கு வேறு வழியில்லை. 2012-இல் ஒரு திட்டம் வகுத்தார்கள். முடிந்த வீடுகளில் குழாய் உரமும் சாண எரிவாயு போன்ற சிறு கலன்களும். முடியாத வீடுகளுக்குத் தெருமுனையில் காற்றோட்டமான உரத் தொட்டிகள். ஈரக்குப்பை லாரி ஏறுவதே குறைந்தது. 2017-இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு பாராட்டிய நகரங்களின் பட்டியலில் ஆலப்புழையும் வந்தது. இதில் தொழில்நுட்பம் பெரிய விஷயமே இல்லை. ஒரு கிராமம் 'உன் குப்பைக்கு நான் ஊர் இல்லை' என்று சொன்னதுதான் அந்த நகரத்தை மாற்றியது. ஒரு வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் மக்கும் குப்பைதான். அது அந்தந்த வார்டிலேயே உரமானால், வெள்ளக்கல்லின் மலை வளராது, வண்டியின் சுமை குறையும், பிரிக்கிற கையில் சோறு ஒட்டாது.

இரண்டாவது, அந்த வேலை யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி. புனே நகரத்தில் குப்பை பொறுக்கும் தொழிலாளர்கள் 1993-இல் சங்கம் கட்டினார்கள். பெரும்பாலோர் தலித் பெண்கள். 2008-இல் 'ஸ்வச்' என்ற அவர்களின் கூட்டுறவு அமைப்போடு அந்த மாநகராட்சி ஒப்பந்தம் போட்டது. வீடு வீடாகக் குப்பை வாங்குவார்கள், வீட்டுக்காரர் மாதக் கட்டணம் தருவார், உலர்குப்பையை விற்கும் காசு அந்தப் பெண்ணுக்கே. நடுவில் கமிஷன் அடிக்கும் முதலாளி இல்லை. அங்கேயும் ஒப்பந்த நீட்டிப்புக்காக அவர்கள் அடிக்கடி போராட வேண்டியிருக்கிறது. அதனால் சொர்க்கம் என்று சொல்லவில்லை. ஆனால் கழுத்தில் தன் பெயர் போட்ட அடையாள அட்டையோடு ஒரு பெண் வாசலில் நின்று பேரம் பேசுவதும், பெயரில்லாத 'குப்பைக்காரம்மா'வாக நிற்பதும் ஒன்றில்லை. நம் பக்கத்தில் திருச்சியில் குடிசைப் பகுதிப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து பொதுக் கழிப்பறைகளை நடத்திக் காட்டினார்கள். சிறு கட்டணம் வாங்கி, கணக்கு நோட்டு எழுதி, மிச்சப் பணத்தைத் தெருவுக்கே செலவிட்டார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் இருட்டும் முட்புதரும் தேவைப்படாமல் போனது.

மூன்றாவது, இயந்திரம். 2018-இல் திருவனந்தபுரத்து இளைஞர்கள் ஆள்நுழைகுழிக்குள் இறங்கி அள்ளும் 'பாண்டிகூட்' என்ற எந்திரனை உருவாக்கினார்கள். ஐதராபாத்தில் 2017-இல், குறுகிய சந்துகளிலும் நுழையும் சிறிய அடைப்பு நீக்கும் வண்டிகளை இறக்கினார்கள். 2019-இல் தில்லியில் 200 வண்டிகள். இந்த இரண்டு ஊரிலும் தலித் தொழில்முனைவோர் அமைப்பின் துணையோடு வண்டியின் உரிமையே ஒடுக்கப்பட்ட மக்களிடம் போய்ச் சேரும்படி ஏற்பாடு செய்தார்கள். நல்லது. ஆனால் இங்கே எனக்கு ஒரு உறுத்தல் உண்டு. வண்டிக்கு முதலாளியானாலும் அதே சாதிதான் அதே சாக்கடையோடு கட்டிப்போடப்பட வேண்டுமா? என் பதில் இது: இறங்கிச் சாவதைவிட மேலே நின்று பொத்தானை அழுத்துவது ஆயிரம் மடங்கு மேல். அது இன்றைய தலைமுறைக்கு. அடுத்த தலைமுறைக்கு வேறு கதவு வேண்டும். 2009-இல் அருந்ததியருக்குக் கிடைத்த 3 விழுக்காடு உள்ஒதுக்கீட்டை 'சலுகை' என்று முணுமுணுப்பவர்கள், அந்த இடங்களில் படித்து வெளியேறுகிற ஒவ்வொரு பிள்ளையும் ஒரு சாக்கடை மூடியை நிரந்தரமாக மூடிவிட்டுப் போகிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். என்னைக் கேட்டால் தமிழ்நாட்டு நகரங்களின் நலத்துக்கான மிகப் பெரிய புதுமை அந்தச் சட்டம்தான்.

இனி நாம் என்ன செய்யலாம்? கைதட்டிவிட்டுப் போவதற்காக நான் வரவில்லை. மூன்று வேலை தருகிறேன்.

ஒன்று, இன்றிரவே உங்கள் வீட்டில் செய்யக்கூடியது. மக்கும் குப்பை, மக்காத குப்பை, ஊசி கண்ணாடி மருந்து போன்ற அபாயக் குப்பை, மூன்றும் தனித்தனி. நாப்கினைத் தாளில் சுற்றி அடையாளம் போட்டுக் கொடுங்கள். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளே இதைச் சொல்லியிருந்தன. என் அம்மா ஒரு தெருவில் ஒரே ஒரு வீட்டைப் பற்றி அடிக்கடி சொல்வார்: "அந்த வீட்ல எலும்பு வேற, காய்த்தோலு வேற, கவரு வேறன்னு கட்டி வப்பாக. கொண்டுவந்து கையில குடுப்பாக, எறிய மாட்டாக. அங்க போய்ட்டு வந்த அன்னைக்கு எனக்குச் சோறு உங்கையில கை நாறாதுய்யா." அந்த வீட்டார் என்ன சாதி, என்ன கட்சி என்று அம்மாவுக்குத் தெரியாது. முப்பது ஆண்டு வேலையில் அவர் மறக்காத வீடு அது ஒன்றுதான். பசுமை இயக்கம் அந்த வாசலில்தான் தொடங்குகிறது.

இரண்டு, பகுதி சபா. கிராம சபை போல நகரத்துக்கும் வார்டு குழு, பகுதி சபா அமைக்க 2022-இல் தமிழ்நாடு அரசு விதி கொண்டுவந்தது. அந்த ஆண்டு நவம்பர் 1 உள்ளாட்சி நாளில் கூட்டங்கள் நடந்தன. மதுரையில் 100 வார்டுகள். உங்கள் வார்டில் அடுத்த கூட்டம் எப்போது என்று கவுன்சிலரிடம் கேளுங்கள். போய் உட்காருங்கள். மரம் நடுவது பற்றிப் பேசுங்கள், கூடவே இதையும் கேளுங்கள்: நம் வார்டில் சாக்கடை அடைத்தால் எந்த வண்டி வரும், எத்தனை மணி நேரத்தில் வரும்? இங்கே வேலை செய்பவர்களுக்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்டப்படுகிறதா? கையுறை எத்தனை நாளுக்கு ஒன்று? ஈரக்குப்பை வார்டுக்குள் உரமாகிறதா, வெள்ளக்கல்லுக்குப் போகிறதா? பதிலை எழுத்தில் கேளுங்கள். அந்தச் சபாவில் தூய்மைப் பணியாளர் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிறாரா என்றும் பாருங்கள். ஓரமாக நின்று தேநீர் கொடுப்பதற்காக மட்டும் அவர் அங்கே இருந்தால், அதையே முதல் தீர்மானமாக எழுப்புங்கள்.

மூன்று, உங்கள் தெருவில் செப்டிக் டேங்க் எடுக்க ஒரு மனிதர் இறங்குவதைப் பார்த்தால் நின்றுகொள்ளுங்கள். படம் எடுங்கள், தடுத்து நிறுத்துங்கள், காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். பட்டியல் சாதியினரை இந்த வேலையில் ஈடுபடுத்துவது 2015-இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படியும் குற்றம் என்பதை நினைவில் வையுங்கள். அவருடைய அன்றைய கூலி போய்விடுமே என்று தோன்றும். ஆம், போகும். அதை வண்டி வரவழைத்துச் செய்யும் செலவோடு சேர்த்து வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்கிக் கொடுங்கள். முடியாவிட்டால் நாமெல்லாம் சேர்ந்து கொடுப்போம். ஓர் உயிரைவிட அது அதிகம் ஆகாது.

என் அம்மா இப்போது வேலைக்குப் போவதில்லை. முழங்கால் விட்டுவிட்டது. ஓய்வூதியம் கிடையாது, ஏனென்றால் காகிதத்தில் அவர் யாரிடமும் தொடர்ந்து வேலை செய்ததே இல்லை. ஒப்பந்தம் மாறிக்கொண்டே இருந்தது. அவர் கூட்டிய தெருக்களில் இன்று பிளாஸ்டிக் கலந்த சாலை இருக்கலாம். அந்தக் கவர்களில் சிலவற்றை அவரே பொறுக்கியிருக்கலாம். பத்மஸ்ரீ கிடைத்த அறிவுக்கு நாம் மரியாதை செய்வோம். கவரைக் கழுவிய கைக்கு என்ன தரப்போகிறோம் என்பதை உங்கள் வார்டில், உங்கள் பகுதி சபாவில் முடிவு செய்துவிட்டு வாருங்கள். அடுத்த கூட்டத்தில் நீங்கள் பேசுங்கள், நான் கேட்கிறேன்.

ஜெய்பீம்.